கேள்வி – பதில்: கடல்மல்லைக் குன்றின்மேல் ஒரு நடை

சென்ற இதழில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை, கோயிலுக்கு மேற்கே ஊரை ஒட்டி நீண்டு கிடக்கும் பாறைக் குன்றைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் குன்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எழுபது வயதை நெருங்கும் என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமல்லபுரக் குன்றின்மீது எல்லோரும் ஏற முடியுமா? எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?
– வாசகி, தாம்பரம்

பதில்: பிள்ளைகள் தாராளமாக ஏறலாம், தாயார் பாதியளவு வரலாம். பழனியிலும் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்திலும் இருப்பதைப் போல நூற்றுக்கணக்கான படிகள் இங்கே கிடையாது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், வடக்குத் தெற்காகப் படுத்திருக்கும் தாழ்ந்த பாறைத் தொடர் அது. உயரம் ஏறத்தாழ நூறு அடிதான். ஆனால் ஒரே சீரான ஏற்றமாக இல்லாமல், மேடும் பள்ளமும் பாறை இடுக்குமாக இருப்பதால், நடப்பவர் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

வடகோடியில், தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்புறமாகத் தொடங்குவது நல்லது. அங்கே சரிவில் உருண்டுவிடுவது போல நிற்கும் பெரிய பாறையைத்தான் ‘கண்ணனின் வெண்ணெய் உருண்டை’ என்கிறார்கள். அதன் எடை சுமார் 250 டன் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பாறையை விட அதன் அடியில் உள்ள சரிவைத்தான் கவனிக்க வேண்டும். பல தலைமுறைப் பிள்ளைகள் சறுக்கி விளையாடி, அந்தத் தரை கண்ணாடியாக வழவழத்துக் கிடக்கிறது. தாயாரை அந்தப் பக்கம் அழைத்துப் போகாதீர்கள். அங்கிருந்து திரிமூர்த்தி குகை, கணேச ரதம், வராக மண்டபம் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் சமதரையாகவே பாதை போகிறது. இடையிடையே மரநிழலும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சாலைப் பக்கம் இறங்கி, அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரிய சிற்பப் பாறைக்கு எதிரில் அமர்ந்திருக்கலாம். சொல்லப்போனால் மாமல்லபுரத்தில் அமர்ந்து பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் மேலே தெற்கு நோக்கி நடக்கலாம். இராயர் கோபுரம், சிங்க ஆசனம், இராமாநுச மண்டபம் ஆகியவற்றைக் கடந்து போனால், தென்பகுதியில் மகிஷாசுரமர்த்தினி மண்டபமும் அதற்கு மேலே ஒலக்கண்ணேசுவரர் கோயிலும் வரும். கோயிலுக்கு ஏறும் படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டவை. செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். சிறியவனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அவசரப்படுத்தவே கூடாது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அர்ச்சுனன் தபசும் மகிஷாசுரமர்த்தினி மண்டபமும் கிழக்கு நோக்கியவை. காலை வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழும். திரிமூர்த்தி குகை, வராக மண்டபம், கணேச ரதம் ஆகியவை மேற்கு நோக்கியவை; அவற்றுக்குப் பிற்பகல் வெளிச்சம்தான் பொருத்தம். ஒரே நடையில் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க முடியாது. காலையில் ஒரு பாதி, வெயில் தாழ்ந்த பிறகு மறுபாதி என்று பிரித்துக்கொண்டால் சிற்பங்களும் தெளியும், பிள்ளைகளும் களைக்க மாட்டார்கள். பங்குனி முதல் ஆனி வரை நடுப்பகலில் பாறை அடுப்பாகக் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழல் விழும் படிகளில் பாசி பிடித்திருக்கும். மார்கழியும் தையும்தான் இந்தக் குன்றுக்கு ஏற்ற மாதங்கள்.

கேள்வி: குன்றின் உச்சியில் அரண்மனை இருந்தது என்று வழிகாட்டி சொன்னார். தருமராசரின் சிங்காசனம், திரௌபதி குளித்த தொட்டி என்றும் காட்டினார். இவற்றில் எது உண்மை?
– வாசகர், ஈரோடு

பதில்: பெயர்கள் பிற்காலத்து மக்கள் வைத்தவை. மாமல்லபுரத்தில் ஆள் தெரியாத எதற்கும் பாண்டவர் பெயரைச் சூட்டிவிடுவது நெடுங்கால வழக்கம். ஐந்து ரதங்களுக்குத் தருமராசன், பீமன், அர்ச்சுனன், நகுல சகதேவர், திரௌபதி என்று பெயர் வந்ததும் அப்படித்தான். அவற்றுக்கும் பாரதக் கதைக்கும் தொடர்பு இல்லை.

ஆனால் வழிகாட்டி காட்டிய பொருள்கள் உண்மையானவை. அவற்றை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. சிங்காசனம் என்பது மேற்பரப்பு இழைக்கப்பட்ட நீண்ட கல்மேடை. அதன் ஒரு முனையில் சிங்கம் ஒன்று படுத்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறைத் தரையைக் குனிந்து பாருங்கள். சமன்படுத்திய பரப்புகளும், சுவர் எழுப்புவதற்காக வெட்டிய கோடுகளும், கம்பம் நடுவதற்கான குழிகளும் புலப்படும். செங்கல்லும் மரமும் கொண்டு கட்டிய கட்டடங்கள் அங்கே இருந்திருக்கின்றன. செங்கல் பெயர்ந்து போயிற்று, மரம் மக்கிப் போயிற்று, அவை ஊன்றி நின்ற பாறை மட்டும் அந்தத் தழும்புகளோடு நிற்கிறது. பல்லவரின் தலைநகரம் காஞ்சி. இது அவர்களுடைய துறைமுகம். அரசன் வந்து தங்கிய மாளிகையா, துறைமுகத்தை மேற்பார்த்த அதிகாரிகளின் இருப்பிடமா என்பதைப் பாறையில் இருக்கும் குழிகளை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. அங்கே நின்று கிழக்கே திரும்பினால் கரைக்கு வரும் எந்தக் கலமும் கண்ணுக்குத் தப்பாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

குன்றின்மேல் தொட்டிகள் வெட்டியிருப்பதற்கும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஊற்றில்லாத பாறையில் ஆட்கள் தங்கி வேலை செய்ய வேண்டுமானால் மழைநீரைத் தேக்கி வைத்தாக வேண்டும். தண்ணீர் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கீழே அர்ச்சுனன் தபசுப் பாறையின் நடுவில் ஒரு பிளவு இருக்கிறது. ஏறத்தாழ முப்பது மீட்டர் அகலமுள்ள அந்தச் சிற்பப் பரப்பில் தேவர்களும் முனிவர்களும் யானைகளும் அந்தப் பிளவை நோக்கியே திரும்பியிருக்கிறார்கள். பிளவினுள்ளே நாகர்கள் கைகூப்பி மேலேறி வருகிறார்கள். கீழே நிற்பவருக்கு, ஒரு வெற்றுப் பிளவுக்கு ஏன் இத்தனை மரியாதை என்ற கேள்வி எழும். பிளவுக்கு நேர் மேலே, குன்றின்மீது, நீர் தேக்குவதற்காகக் கட்டிய தொட்டியின் எச்சங்கள் இருக்கின்றன. அங்கிருந்து நீரைத் திறந்துவிட்டபோது அது நாகர்களின் மீது வழிந்து கீழே விழுந்திருக்கும். இந்தச் சிற்பத்தைப் பகீரதன் தவமாகவும் கங்கை இறங்கி வரும் காட்சியாகவும் அறிஞர்கள் பலர் கொள்வதற்கு இந்த ஏற்பாடும் ஒரு வலுவான சான்று. சாலையில் நின்றபடியே படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

இராயர் கோபுரம் இவற்றோடு சேர்ந்ததன்று. அது பல நூற்றாண்டுகள் பிந்திய விசயநகரக் காலப் பணி. அடித்தளமும் கொடிக்கருக்கு வேலைப்பாடுள்ள உயர்ந்த வாயில்நிலைக் கற்களும் மட்டும் நிற்கின்றன. மேல்நிலைகள் எழவே இல்லை.

கேள்வி: இரும்பு உளியை வைத்துக்கொண்டு இவ்வளவு கடினமான பாறையை எப்படிக் குடைந்தார்கள்? ஏன் இத்தனை வேலைகளை அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார்கள்? இதையெல்லாம் செய்வித்தவர் யார்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியே முதல் கேள்விக்கு விடை தருகிறது. வேலை முழுமை பெற்றிருந்தால் அது எப்படி நடந்தது என்பதைக் கல் நமக்குக் காட்டியிருக்காது. முடிந்த இடத்தில் உளியின் தடயம் முழுவதும் அழிந்துவிடும். நின்றுபோன இடத்தில்தான் அது தங்கும். இந்த வகையில் மாமல்லபுரக் குன்றுக்கு ஈடான இடம் தமிழகத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

முற்றுப்பெறாத குகைகளின் உட்சுவரை அருகில் சென்று பாருங்கள். பாறை முகத்தைச் சமப்படுத்திய பிறகு அதைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் நான்கு பக்கத்திலும் உளியால் ஆழமாகப் பள்ளம் இறக்கியிருக்கிறார்கள். பள்ளம் போதிய ஆழம் போனதும் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் சதுரத்தைப் பலமாகத் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். ஓர் அடுக்கு போனதும் அடுத்த அடுக்கில் மீண்டும் அதே சதுரங்கள். இப்படி அடுக்கடுக்காக உள்ளே போய்க்கொண்டே, தூணாக வேண்டிய இடங்களைக் கனத்த சதுரக் கட்டைகளாக விட்டுவைத்திருக்கிறார்கள். தூணுக்கு எண்பட்டை தீட்டுவதும் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைச் செதுக்குவதும் அதன் பிறகு வரும் வேலை. இடித்தெடுக்கும் ஆட்களும் நுணுக்க வேலைச் சிற்பிகளும் ஒரே சமயத்தில் உழைத்தார்கள் என்பதற்கும் சான்று உண்டு. அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சபாண்டவர் மண்டபத்தில், முகப்பில் வரிசையாக அமர்ந்த சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. அவை நன்கு உருப்பெற்றவை. உள்ளே போனாலோ, நடுவில் கருவறையாக வேண்டிய பாறையைச் சுற்றி வழி குடையத் தொடங்கி, முரடாக அப்படியே விட்டிருக்கிறார்கள். முன்னால் சிங்கத்தின் பிடரிமயிரைச் சுருள் சுருளாகச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வேறு ஆட்கள் கல்லை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

குன்றின்மேல் நடக்கும்போது பாறைகளில் ஒரே நேர்க்கோட்டில் வரிசையாகச் சிறு குழிகள் வெட்டியிருப்பதையும் காண்பீர்கள். அவை ஆப்பு இறக்குவதற்கான குழிகள். வரிசையாக ஆப்புகளை இறக்கி அடித்தால் பாறை அந்தக் கோட்டின் வழியே பிளந்துகொள்ளும். கல் உடைப்பவர்கள் இந்த முறையை வெகு காலம் கையாண்டு வந்தார்கள். ஆகவே கண்ணில் படும் குழிகள் எல்லாமே பல்லவர் காலத்தவை என்று எண்ணிவிட வேண்டாம்.

வேலை ஏன் நின்றது என்பதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. சில இடங்களில் பாறையே விரிசல் விட்டுக் கைவிடச் செய்திருக்கும். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் சாளுக்கியன் முதலாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சி வரை கைப்பற்றினான். அப்படிப்பட்ட ஆண்டுகளில் சிற்பிகளுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்குவது எளிதாக இருந்திராது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கோயில் கட்டும் முறை மேலோங்கியது. கடற்கரைக் கோயிலும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அந்த முறையில் எழுந்தவை. வேண்டிய இடத்தில் வேண்டிய உயரத்துக்குக் கட்டலாம் என்று ஆன பிறகு, குன்றைக் குடைவதில் இருந்த வேகம் குறைந்திருக்க வேண்டும்.

யார் செய்வித்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குகைகளிலும் ரதங்களிலும் பெரும்பகுதி, மாமல்லன் என்ற பட்டம் கொண்ட முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலத்தில் தொடங்கி அவனுக்குப் பின்வந்தவர்கள் காலம் வரை நடந்த பணி என்பது பலர் ஏற்ற கருத்து. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962 இல் இதை மறுத்து, இங்குள்ள எல்லாமே இராசசிம்மன் ஒருவனுடைய படைப்பு என்று வாதிட்டார். குன்றின்மேல் ஒரு சுற்று நடந்து, தூண்களின் அமைப்பும் உருவங்களின் சாயலும் இடத்துக்கு இடம் மாறுவதைப் பார்க்கும்போது, பல தலைமுறைக் கைகள் இதில் இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் நாகசாமி எழுப்பிய கேள்விகளை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மொட்டையாக நிற்கும் கோயில் எது? அந்தக் குன்றில் பழங்காலத்திலேயே விளக்கு எரிந்ததாகச் சொல்கிறார்களே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அதுதான் ஒலக்கண்ணேசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டில், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, உச்சிப் பாறையில் கல்லை அடுக்கிக் கட்டியது. விமானத்தின் மேற்பகுதி போய்விட்டதால் மொட்டையாகத் தெரிகிறது. சுவர்களில் உப்புக் காற்றால் அரிக்கப்பட்ட சிற்பங்கள் இருக்கின்றன. தென்முகக் கடவுளையும், கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணனையும் கூர்ந்து பார்த்தால் அடையாளம் காணலாம். இரண்டாவதாகச் சொன்ன உருவத்தில் இராவணனின் கைகள் கல்லோடு கல்லாகக் கரைந்து வருகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1887 இல், இந்தக் கோயிலின் கூரைமீதே கப்பல்களுக்கான விளக்கை ஏற்றினார்கள். பிறகு பக்கத்திலேயே கருங்கல்லால் வட்டக் கோபுரம் எழுப்பி, 1904 இல் விளக்கை அங்கே மாற்றினார்கள். இன்று கட்டணம் செலுத்தி ஏறிப் பார்ப்பது அந்தக் கோபுரத்தில்தான். சுழற்படி ஏறிப் போக, கடைசிப் பகுதி மிகவும் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும்.

பழங்காலத்து விளக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலிருந்து வந்த செய்தியாக இருக்க வேண்டும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூலில், நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம் வருகிறது. வானத்துக்கு முட்டுக்கொடுத்தது போல உயர்ந்து, ஏணி சாத்தியும் ஏறுவதற்கரிய கூரையில்லாத மாடத்தில் இரவில் மூட்டிய தீயைக் கண்டு, கடலில் ஓடும் கலங்கள் துறையை அடையாளம் தெரிந்துகொண்டன என்று புலவர் பாடுகிறார். நீர்ப்பெயற்று என்பது இன்றைய மாமல்லபுரமே என்று சிலர் கருதுகிறார்கள். அது ஏற்கத்தக்கதாக இருந்தாலும், அந்த மாடத்தையும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பாட்டு, கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

துறைமுகத்தைக் கண்ணாரக் கண்டு பாடியவர் என்று சொல்லத்தக்கவர் திருமங்கையாழ்வார். நிதிக்குவியலையும் யானைகளையும் நவமணிகளையும் சுமந்து பாரத்தால் வளைந்த கப்பல்கள் உலவும் ஊர் என்று பாடி, “கலங்கள் இயங்கும் மல்லைக் கடல்மல்லைத் தலசயனம்” என்று அந்த அடியை முடிக்கிறார். ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் கிழக்கு ஓரத்தில் நின்று பாருங்கள். ஊரின் கூரைகளுக்கு அப்பால் கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்களும், அவற்றின் பின்னால் அலை உடையும் வெண்கோடும், அதற்கும் அப்பால் மீன்பிடிப் படகுகளும் தெரியும். ஆழ்வார் கண்ட யானையேற்றிய கலங்கள் நின்ற கடல் அதுதான். மேற்கே திரும்பினால் பனைமரங்களும் பக்கிங்காம் கால்வாயும் தெரியும். கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஊர் எவ்வளவு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது என்பது மேலேயிருந்து பார்த்தால்தான் புலப்படும்.

அங்கிருந்து இறங்கும்போது கீழே உள்ள குகைக்குள் கட்டாயம் போங்கள். ஒரு பக்கச் சுவரில் தேவி சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள். எருமைத்தலை மகிடன் கதாயுதத்தைப் பிடித்தபடி, ஒரு காலை முன்னும் உடலைப் பின்னும் சாய்த்து நிற்கிறான். அவன் இன்னும் தோற்கவில்லை, ஆனால் பின்வாங்கத் தொடங்கிவிட்டான் என்பதை அந்தச் சாய்வு ஒன்றிலேயே சிற்பி காட்டிவிட்டார். எதிர்ச்சுவரில் அனந்தன்மேல் திருமால் துயில்கிறார். போரின் பரபரப்பையும் அந்த உறக்கத்தின் அமைதியையும் எதிரெதிரே வைத்தவருடைய மனத்தை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

கேள்வி: குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் கடலுக்குள் மூழ்கிய ஏழு கோயில்களில் எஞ்சியவை தெரியும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: தெரியாது. நீர் மட்டத்துக்கு மேலே தலைகாட்டும் பாறைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஏழு கோயில் என்னும் பேச்சு ஐரோப்பிய மாலுமிகளிடையே நெடுங்காலம் வழங்கியது. வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1788 இல் வெளியான தம் கட்டுரையில், முன்பு கடலுக்குள் செப்புத் தகடு வேய்ந்த கோபுர உச்சிகள் சூரிய ஒளியில் மின்னியதாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதற்காக எல்லாமே கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 2002 இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் மூழ்கி ஆராய்ந்தபோது, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கட்டுமானக் கற்களைக் கண்டார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்த பிறகு, வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணல் விலகிப் பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றின் துணையால் அடுத்த ஆண்டே அங்கே அகழ்ந்து பழமையான முருகன் கோயிலைக் கண்டுபிடித்தார்கள். பல்லவர் காலக் கருங்கல் பணிக்கு அடியில் அதற்கும் முற்பட்ட செங்கல் கோயில் இருந்தது. குன்றைப் பார்த்த பிறகு நேரம் இருந்தால் அங்கும் போய்வாருங்கள். மூழ்கிய கோயிலைத் தேடுவதை விட, மண்ணிலிருந்து மீண்ட கோயிலைப் பார்ப்பது மனத்துக்கு நிறைவளிக்கும்.

கேள்வி: இராமாநுச மண்டபத்தில் சுவரில் இருந்த சிற்பங்களை முழுவதும் செதுக்கி எடுத்திருக்கிறார்களே, அது யார் வேலை?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அது மூன்று கருவறைகளோடு சிவனுக்காகக் குடைந்த குகை. பிற்காலத்தில் வைணவர் கைக்கு மாறியபோது உள்ளிருந்த தடுப்புச் சுவர்களை அகற்றி, புடைப்புச் சிற்பங்களைக் கொத்தி எடுத்துவிட்டு, சங்கு சக்கரச் சின்னங்களைப் பொறித்திருக்கிறார்கள். சுவரில் பக்கவாட்டாக வெளிச்சம் விழும்போது, அழிந்த உருவங்களின் எல்லைக்கோடு மட்டும் தெரியும். இதற்கு முந்திய காலத்திலும் பகைமை இல்லாமல் இல்லை. அதே மண்டபத்தின் தரையில் உள்ள வடமொழிச் சுலோகம், தீய நெறியிலிருந்து விடுவிக்கும் உருத்திரன் எவர் உள்ளத்தில் குடியிருக்கவில்லையோ அவர்களை ஆறு முறை இகழ்கிறது.

இரு தரப்பாரையும் இன்று நாம் பழிப்பதால் பயனில்லை. ஆனால் அழகிய வேலை ஒன்று அழிந்துபோனது என்ற உண்மையை மறைத்துப் பேசவும் வேண்டாம். குன்றின் மேற்குப் பக்கத்தில், இன்றும் வழிபாட்டில் இருக்கும் ஆதிவராகர் குகையில், சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரசர்களின் உருவங்கள் தேவியரோடு அப்படியே நிற்கின்றன. இராமாநுச மண்டபத்தில் எவ்வளவு போயிருக்கும் என்பதை அங்கே நின்றால் உணரலாம்.

கேள்வி: பள்ளி மாணவர்கள் நாற்பது பேரைக் குன்றுக்கு அழைத்துப் போகிறேன். சென்ற முறை இருவர் பாறையில் பெயரைக் கீறிவிட்டார்கள். எப்படித் தடுப்பது?
– ஆசிரியை, விழுப்புரம்

பதில்: சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 1958 ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தை 2010 இல் திருத்திய பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குன்று முழுவதும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும். 1984 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட.

ஆனால் அச்சத்தால் மட்டும் நாற்பது பேரின் கைகளைக் கட்டிவிட முடியாது. அவர்களுக்கு வேலை கொடுங்கள். ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் முற்றுப்பெறாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அடுத்ததாகச் சிற்பி எந்தப் பகுதியைச் செதுக்கியிருப்பார் என்பதைத் தாளில் வரைந்து வரச் சொல்லுங்கள். பஞ்சபாண்டவர் மண்டபத்தின் உட்புறமும், தென்பகுதியில் அர்ச்சுனன் தபசைப் போலவே தொடங்கிப் பாதியில் நின்ற மற்றொரு சிற்பப் பாறையும் இதற்குப் பொருத்தமானவை. திரும்பும்போது ஊரில் உள்ள ஏதாவதொரு சிற்பக்கூடத்தில் அனுமதி கேட்டு அரைமணி நேரம் நிறுத்துங்கள். மாமல்லபுரத்தில் கல்லுளி ஓசை இன்றும் நிற்கவில்லை. 1957 முதல் அரசின் சிற்பக் கல்லூரியும் அங்கே இயங்குகிறது. ஒரு விரலின் நகத்தைச் செதுக்க எத்தனை நேரம் ஆகிறது என்பதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். முடிந்தால் முதலில் சிற்பக்கூடத்துக்கும் அதன் பிறகு குன்றுக்கும் போங்கள். அந்த வரிசைதான் உங்கள் நோக்கத்துக்கு உதவும்.